மணல் வீடு

எளிதில் கிடைக்கும் பொருளுக்கு மதிப்புக் குறைவு என்பது மக்கள் பலர் கொண்டுள்ள எண்ணம். எண்ணில் அடங்காத ஒன்றைக் குறிக்க வேண்டுமானால், 'கடற்கரை மணல்போல' என்கிறோம். நிலைத்து நில்லாத திட்டத்தை 'மணற்கோட்டை' என்கிறோம். பயனற்ற உழைப்பை 'மணலைக் கயிறாகத் திரித்தல்' என்று இகழ்கிறோம். இவ்வாறு நம் பேச்சில் மணல் பெரும்பாலும் ஏளனத்திற்கு உரியதாகவே இடம்பெறுகிறது. நானும் என் பதின்மூன்றாம் வயதுவரை அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியவை விரல் நீளமுள்ள ஆறு மீன்கள். அவற்றுள் நான்கின் உயிர் என் அறியாமைக்கு விலையாயிற்று. அந்நிகழ்ச்சியை இங்கே மறைக்காமல் சொல்ல விரும்புகிறேன்.

வைகையாற்றின் கரையில், சோழவந்தானுக்கு அருகில் உள்ளது எங்கள் சிற்றூர். ஆண்டுத் தேர்வில் நான் நல்ல மதிப்பெண் பெற்றதற்காக, மதுரையிலிருந்து வந்த என் மாமா ஒரு கண்ணாடித் தொட்டியைப் பரிசாகக் கொணர்ந்தார். அதன் நீளம் 60 சென்டிமீட்டர். அகலமும் உயரமும் முப்பது முப்பது சென்டிமீட்டர். நீருக்குள் காற்றைச் செலுத்தும் சிறு கருவியும் அதனுடன் இருந்தது. தொட்டி வந்துவிட்டது, ஆனால், அதில் வாழ மீன்கள் இல்லை.

எங்கள் பக்கத்தில் அயிரைமீன் குழம்புக்குத் தனிச்சிறப்பு உண்டு. அச்சிறு மீனைப் பானையில் உயிருடன் வைத்தே விற்பார்கள். ஆற்றின் அடிமணலை வாயில் அள்ளி, அதிலுள்ள நுண்ணிய இரையைத் தின்று, எஞ்சிய மணலைச் செவுள் வழியாக வெளியேற்றுவது அதன் இயல்பு. ஆதலின், சமைப்பதற்கு முன் அதனைப் பாலிலோ தேங்காய்ப்பாலிலோ சிறிது நேரம் நீந்தவிட்டு, வயிற்றிலுள்ள மண்ணைக் கக்கச் செய்வது வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் அப்பத்தா அவ்வாறு செய்வதற்காக மீன்களைச் சட்டியில் விட முற்பட்டார். அப்போது எட்டு வயதுச் சிறுமியாகிய என் தங்கை ஓடிவந்து அவருடைய கையைப் பற்றிக்கொண்டாள்.

"அப்பத்தா! ஆறு மீனை மட்டும் எனக்குக் கொடுங்கள். அண்ணனுடைய தொட்டியில் விட்டு வளர்க்கிறோம்" என்று கெஞ்சினாள்.

அப்பத்தா சிரித்தார். "வளர்ப்பதாகச் சொல்லி வாங்கிவிட்டால், வளர்த்துக் காட்டவேண்டும், தெரியுமா?" என்று கூறி, ஆறு அயிரைகளைத் தனியே எடுத்து ஒரு கிண்ணத்தில் விட்டார். குழம்புச் சட்டிக்குத் தப்பிய அந்த ஆறும் அன்று மாலையே எங்கள் தொட்டிக்குக் குடிவந்தன.

தொட்டியின் அடியில் எதைப் பரப்புவது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயம் எழவில்லை. மாமா தொட்டி வாங்கிய கடையிலேயே, நீலமும் சிவப்பும் மஞ்சளுமாக நிறம் பூசிய கூழாங்கற்களையும் ஒரு பை நிறையக் கொடுத்திருந்தார்கள். அவற்றைப் பரப்பினேன். விளக்கொளியில் தொட்டி திருவிழாக் கடைபோல மின்னியது. கண்டவர் எல்லாரும் பாராட்டினர். என் உள்ளமும் பூரித்தது.

ஆனால், மீன்கள் மட்டும் மகிழவில்லை. அயிரை நீரின் நடுவில் நீந்தித் திரியும் மீன் அன்று, அடியில் வாழ்வது. அச்சம் நேர்ந்தாலும், வெயில் ஏறினாலும், ஓய்வு வேண்டினாலும் தலையை மணலில் செருகி உடலை நெளித்து ஒரு நொடியில் மறைந்துவிடும். சிலபோது கண்கள் மட்டும் வெளியே தெரியும். அத்தகைய மீன்கள் என் வண்ணக் கற்களின்மேல் அங்கும் இங்கும் ஓடின. கற்களின் இடுக்கில் மூக்கை நுழைத்துப் பார்த்தன. உடல் புக இடமின்றி மீண்டும் மேலே வந்தன. இரவும் பகலும் இம்முயற்சி ஓயவில்லை. நாள்தோறும் பாதி நீரை மாற்றி வந்தோம். ஆயினும், பத்து நாட்களுக்குள் அவற்றின் வாயருகே உள்ள மெல்லிய மீசைகள் தேய்ந்து குறுகிவிட்டன. அம்மீசைகளே அயிரைக்கு இரையைத் தேடும் விரல்கள். கற்களின் இடுக்கில் விழுந்த உணவும் எவருக்கும் எட்டாமல் அங்கேயே கிடந்து அழுகியது.

என் தங்கைதான் அதனை முதலில் உணர்ந்தாள். "அண்ணா, நமக்குப் பாய் இருக்கிறது, போர்வை இருக்கிறது. இவை எங்கே படுத்து உறங்கும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. தொட்டியை யாருக்காக அணிசெய்தேன் என்பதை அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். காண வருவோர் கண்ணுக்காக அணிசெய்தேனேயன்றி, அதில் வாழும் உயிர்களுக்காக அன்று என்பது விளங்கியது. உடனே மீன்களை வாயகன்ற மண்பானை ஒன்றிற்கு மாற்றினோம். கற்களை அள்ளிப் பையில் கட்டிவைத்தேன். நமக்கு வேண்டியது மணல் என்று முடிவு செய்தோம்.

எந்த மணல்? அதுவே அடுத்த கேள்வி. இராமநாதபுரத்திலிருந்து வந்த அத்தை, கடற்கரையிலிருந்து ஒரு பை மணலை என் தங்கை விளையாடுவதற்காகக் கொண்டுவந்திருந்தார். பால்போல் வெண்மையானது, இடையிடையே சிப்பித் துணுக்குகள் பளபளத்தன. எங்கள் வீட்டுக் கொல்லையிலோ, வீடு கட்டியபோது மிஞ்சிய ஆற்றுமணல் ஒரு மூலையில் குவிந்து கிடந்தது, பழுப்பு நிறம், கவர்ச்சி இல்லாதது. என் மனம் மீண்டும் வெண்மையை நாடியது. எனினும், ஒருமுறை தவறியவன் ஆதலால், இரண்டிலும் ஒவ்வொரு பிடி எடுத்துக்கொண்டு எங்கள் பள்ளியின் அறிவியல் ஆசிரியரிடம் சென்றேன்.

ஆசிரியர் இரண்டையும் இரு கண்ணாடித் தட்டுகளில் இட்டார். ஒவ்வொன்றின்மீதும் நீர்த்த அமிலத்தில் சில துளிகளை விட்டார். கடற்கரை மணல் நுரைத்துப் பொங்கியது. ஆற்றுமணல் அசையாமல் கிடந்தது.

"பார்த்தாயா, தம்பி! சிப்பி என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டு, சுண்ணாம்புக்கல்லும் அதுவே. அமிலம் பட்டதும் கரியமிலவாயு குமிழியிட்டு வெளிவருகிறது. இம்மணலைத் தொட்டியில் இட்டால், அந்தச் சுண்ணாம்பு சிறிது சிறிதாக நீரில் கரையும். நீரின் கடினத்தன்மையும் காரத்தன்மையும் உயரும். கடல்மீனுக்கும், கடினநீரில் வாழப் பழகிய மீனுக்கும் அது பொருந்தும். உன் ஆற்றுமீனுக்குப் பொருந்தாது. ஆற்றுமணலில் மிகுதியாக உள்ளது குவார்ட்சு எனப்படும் படிகக்கல். அது நீரில் கரைவதில்லை, நீரின் தன்மையை மாற்றுவதும் இல்லை" என்றார்.

"ஐயா, அது பார்ப்பதற்கு அழகாக இல்லையே!" என்றேன்.

"அயிரையிடம் கேட்டுப் பார்" என்று சொல்லிப் புன்முறுவல் செய்தார்.

அன்று அவர் செய்த சோதனையைப் பள்ளி ஆய்வுக்கூடத்தின் துணையின்றி வீட்டிலும் செய்யலாம். சமையலுக்குப் பயன்படும் வினிகரைச் சில துளிகள் விட்டாலே போதும். நுரை எழும் மணலை ஒதுக்கிவிடலாம்.

கொல்லையில் கிடந்த மணலில் சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்திருக்குமோ என்னும் ஐயம் எனக்கு உண்டாயிற்று. எனவே, ஆற்றிற்கே சென்று புதுமணலாக ஒரு சாக்கு அள்ளி வரலாம் என்று புறப்பட்டேன். அப்பத்தா தடுத்தார்.

"கொல்லையில் இருக்கிற மணலே நம் தேவைக்கு மேல் இருக்கிறது. குவியலின் மேற்பகுதியை ஒதுக்கிவிட்டு நடுவிலிருந்து எடு. ஆற்றைத் தோண்டாதே, ராசா. நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, கோடையில் ஆற்றில் தண்ணீர் ஓடாது. மணலில் ஒரு முழம் ஊற்றுத் தோண்டினால் கண்ணாடிபோல நீர் சுரக்கும். குடத்தில் மொண்டு வந்துதான் குடித்தோம். மணல் இருந்தவரை தண்ணீர் இருந்தது, மணல் போனபின் தண்ணீரும் போய்விட்டது" என்றார்.

படிப்பறியாத அந்த மூதாட்டி கூறியது முற்றிலும் உண்மை. ஆற்றுமணல் தன் துகள்களின் இடைவெளிகளில் நீரைத் தேக்கிவைக்கும் பெருங்களஞ்சியம். அழுக்கை வடித்துத் தூய்மை செய்யும் வடிகட்டியும் அதுவே. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலக மக்கள் ஓர் ஆண்டில் பயன்படுத்தும் மணலும் சரளையும் ஏறத்தாழ 5,000 கோடி டன். நீருக்கு அடுத்தபடியாக மனிதர் மிகுதியாகப் பயன்படுத்தும் இயற்கைப் பொருள் இதுவே என்பர். உரிய அனுமதியின்றி ஆற்றில் மணல் அள்ளுதல் சட்டப்படி குற்றமும் ஆகும். ஒருவர் அள்ளுவது ஒரு சாக்குத்தானே என்று எண்ணலாம்; ஆற்றங்கரையில் வாழ்வோர் எல்லாரும் அவ்வாறே எண்ணினால் ஆறு என்னாகும்?

குவியலின் நடுவிலிருந்து எடுத்த மணலில் மீண்டும் அமிலச் சோதனை செய்து பார்த்தோம், நுரை எழவில்லை. அடுத்தது சலித்தல். இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துகளைச் சரளை என்றும், அதற்குக் குறைந்து ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரின் பதினாறில் ஒரு பங்குவரை உள்ளதை மணல் என்றும் அறிவியலார் வகுத்துள்ளனர். இவ்வெல்லைக்குள்ளும் எல்லா மணலும் தொட்டிக்கு ஏற்றது அன்று. மிகப் பொடியான மணல் ஒன்றோடொன்று இறுகி, நீர் உட்புக இடந்தராது. சிறிது கலங்கினாலும் மேலெழுந்து மிதக்கும். மிகப் பருத்ததோ, மீனின் உடலுக்கு இடம்விடாது. ரவையினும் சற்றுப் பருத்து, கேழ்வரகினும் சற்றுச் சிறுத்திருக்கும் மணலே நடுத்தரமானது. பெருங்கண் சல்லடையில் ஒருமுறை சலித்துக் கற்களை நீக்கினோம். சிறுகண் சல்லடையில் மறுமுறை சலித்துப் பொடியை நீக்கினோம். நடுவில் நின்றதை எடுத்துக்கொண்டோம்.

உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தபோது அம்மணல் உறுத்தவில்லை. பல காதம் ஆற்றுநீரில் உருண்டு வந்ததால் அதன் முனைகள் மழுங்கியிருந்தன. இக்காலத்தில் பாறையை உடைத்துச் செயற்கை மணல் செய்கின்றனர். கட்டடத்திற்கு அது நன்கு பயன்படுகிறது. ஆயினும், அதன் துகள்களுக்குக் கூரிய விளிம்புகள் உண்டு, கல்தூசும் மிகுதி. மணலைத் துழாவி வாழும் மீனின் மென்மையான வாய்க்கு அது ஏற்றதன்று. ஆற்றுமணல் கிடைக்காத இடத்தில், நீர் வடிகட்டும் தொட்டிகளுக்கென விற்கப்பெறும் சிலிக்கா மணலை வாங்கிக்கொள்ளலாம்.

இனி, கழுவும் பணி. ஒரு வாளி நிறைய மணலைக் கொட்டி, அதன்மேல் நீரை ஊற்றிக் கையால் கலக்கிக்கொண்டிருந்தேன். சேறு அடியிலும் நடுவிலும் சுழன்றதேயன்றி வெளியேறவில்லை. அப்பத்தா அருகில் வந்து அமர்ந்தார்.

"அரிசி களைவதைப் பார்த்ததே இல்லையா? பானை நிறைய அரிசியைப் போட்டா களைவார்கள்? மூன்றில் ஒரு பங்கு போடு. நீர் நிறைய ஊற்று. அடிவரை கையை விட்டுக் கிளறு. கனமானது நிற்கும், இலேசானது மிதக்கும். மிதப்பது அடங்குவதற்கு முன்பே சாய்த்துவிடு" என்றார்.

அவ்வாறே செய்தேன். முதல் நீர் காவிநிறச் சேறாக வெளியேறியது. இரண்டாம் நீர் தேநீர்போல இருந்தது. ஐந்தாம் முறையும் கலங்கலே. "போதும், அப்பத்தா!" என்றேன். "வாளியின் அடியில் உன் கைரேகை தெரிகிறதா?" என்று கேட்டார். தெரியவில்லை. மீண்டும் கழுவினேன். பன்னிரண்டாம் முறைக்குப் பின்னரே நீர் தெளிந்தது. ஒரு வாளி முடிந்தது. இன்னும் மூன்று வாளி எஞ்சியிருந்தது. சோப்புத்தூள் போட்டால் விரைவில் முடியுமே என்றேன். "அரிசிக்குச் சோப்புப் போடுவோமா?" என்று ஒரே கேள்வியில் என் வாயை அடைத்தார். சோப்பின் எச்சம் துகள்களிடையே தங்கினால் மீனுக்கு நஞ்சாகும் என்பதைப் பின்னர் அறிந்தேன். கழுவிய நீர் வீணாகவில்லை. அனைத்தையும் வாழைக்கும் முருங்கைக்கும் பாய்ச்சினார் அப்பத்தா.

எவ்வளவு மணல் வேண்டும் என்பதை ஆசிரியர் கணக்கிட்டுக் காட்டினார். தொட்டியின் நீளம் 60, அகலம் 30, மணலின் உயரம் 4 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கினால் 7,200 கனசென்டிமீட்டர், அதாவது 7.2 லிட்டர். உலர்ந்த மணலாக நிறுத்தால் ஏறத்தாழ 11 கிலோ. இதனினும் மிக ஆழமாகப் பரப்புதல் கூடாது. ஆழத்தில் காற்று எட்டாமல் மணல் கறுத்து, அழுகிய முட்டைபோல நாறும் நச்சுவாயு உண்டாகும்.

மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு தட்டை வைத்து, தட்டின்மேல் கிணற்றுநீரை மெல்ல ஊற்றினோம். தட்டு இல்லையேல், நீரின் வேகம் மணலைக் குழியாக்கிக் கலக்கிவிடும். நகரங்களில் குழாய்நீரைப் பயன்படுத்துவோர், அதிலுள்ள குளோரின் நீங்குமாறு ஒருநாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்து ஊற்றவேண்டும். மறுநாள் காலையில் நீர் பளிங்குபோல் தெளிந்திருந்தது. "முதலில் இரண்டு மீன்களை மட்டும் விடு, உணவைக் குறைத்துக் கொடு, நாள்தோறும் சிறிது நீரை மாற்று, ஒரு மாதம் கழித்து மற்றவற்றை விடு" என்று ஆசிரியர் கூறியிருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் விரித்துரைக்கவில்லை. ஆசிரியர் சொல் என்பதற்காக அப்படியே செய்தேன்.

தொட்டியில் விட்ட முதல் அயிரை அடியை அடைந்தது. மூக்கால் மணலைத் தொட்டது. மறுகணமே காணாமற் போயிற்று! சிறிது நேரம் கழித்து, இரு சிறு கண்கள் மட்டும் மணலிலிருந்து எங்களை நோக்கின. என் தங்கை கைகொட்டிச் சிரித்தாள். "அண்ணா, அதற்குப் போர்வை கிடைத்துவிட்டது!" என்றாள். நாளடைவில் ஆறு மீன்களும் அங்கே ஒன்றுசேர்ந்தன. தேய்ந்த மீசைகள் மீண்டும் வளர்ந்தன.

ஆறு மாதங்கள் இன்பமாகக் கழிந்தன. சித்திரைத் திருவிழா வந்தது. உறவினர் பலர் எங்கள் வீட்டிற்கு வருவதாக இருந்தனர். தொட்டியைப் பார்த்தேன். மணலின்மேல் பழுப்பாக மெல்லிய படலம் படிந்திருந்தது. கண்ணாடியிலும் பச்சை ஏறியிருந்தது. இதனை எப்படி உறவினருக்குக் காட்டுவது என்று நாணினேன். முன்பு வண்ணக் கற்களைப் பரப்பச் செய்த அதே எண்ணம் வேறு வடிவில் மீண்டும் என்னிடம் வந்தது. மீன்களைப் பானைக்கு மாற்றினேன். மணல் முழுவதையும் அள்ளி, அண்டாவில் இட்டுக் கொதிக்க வைத்தேன், வெயிலில் உலர்த்தினேன். தொட்டியையும் காற்றுக்கருவியின் குழாயையும் சலவைத்தூள் கரைத்த நீரால் தேய்த்துப் பலமுறை அலசினேன். பின்பு மணலைப் பரப்பிப் புதுநீர் ஊற்றி, ஆறு மீன்களையும் அன்றே விட்டேன். தொட்டி புத்தம் புதியதாக ஒளிர்ந்தது. உறவினர் வியந்தனர். அவர்களுடைய குழந்தைகள் ஆசையோடு பொரியை அள்ளி அள்ளிப் போட்டனர். நான் தடுக்கவில்லை.

மூன்றாம் நாள் மீன்கள் மணலில் புதையவில்லை. மேற்பரப்பிற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள்கள் சிவந்திருந்தன. நீரோ தெளிவாகவே இருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் நான்கு மீன்கள் வெள்ளை வயிறு மேலே தெரியக் கிடந்தன.

என் தங்கை அழவில்லை. வெகுநேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அன்றைக்கே அப்பத்தா குழம்பில் போட்டிருக்கலாமே, அண்ணா?" என்றாள். அச்சொல் இன்றும் என் செவியில் ஒலிக்கிறது.

எஞ்சிய இரண்டையும் புதுநீர்ப் பானையில் விட்டுவிட்டு ஆசிரியரிடம் ஓடினேன். நடந்ததை எல்லாம் கேட்ட அவர், நெடுநேரம் பேசாதிருந்தார். "காரணத்தை உனக்கு முன்பே சொல்லாதது என் தவறு" என்று கூறிவிட்டு, விளக்கத் தொடங்கினார்.

"மீனின் கழிவும் அழுகும் உணவும் நீரில் அம்மோனியாவை உண்டாக்குகின்றன. அது கண்ணுக்குத் தெரியாத நஞ்சு. ஆனால், அந்நஞ்சையே உணவாகக் கொள்ளும் நுண்ணுயிர்கள் உண்டு. ஒருவகை, அம்மோனியாவை நைட்ரைட்டு ஆக்கும், அதுவும் நஞ்சே. மற்றொரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட்டு ஆக்கும். அதனால் வரும் தீங்கு மிகக் குறைவு. செடிகளுக்கு அது உணவு. உருசிய நாட்டு அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டை ஒட்டி இவ்வுயிர்களைப் பிரித்தறிந்து உலகிற்குக் காட்டினார். இவை நீரில் மிதந்து திரிவதைவிட, ஏதேனும் ஒரு பரப்பைப் பற்றி வாழ்வதே மிகுதி. உன் தொட்டியில் அவற்றின் வீடு எது?"

"மணல்" என்றேன் மெல்ல.

"ஒரு சென்டிமீட்டர்க் கனசதுரத்தை எடுத்துக்கொள். அதன் மேற்பரப்பு 6 சதுரசென்டிமீட்டர். அதனை ஒரு மில்லிமீட்டர்க் கனசதுரங்களாக வெட்டினால் ஆயிரம் துண்டுகள் ஆகும். மொத்த மேற்பரப்பு 60 சதுரசென்டிமீட்டராகப் பெருகும். உன் தொட்டியிலுள்ள மணலுக்கு இக்கணக்கைப் போட்டு, இடைவெளிக்காகப் பாதியைத் தள்ளினாலும் 20 சதுரமீட்டருக்கு மேல் வரும். தொட்டியின் அடிப்பரப்போ 0.18 சதுரமீட்டர்தான். அவ்வளவு பெரிய ஊரைத்தான் நீ அண்டாவில் இட்டுக் கொதிக்க வைத்துவிட்டாய். அந்நுண்ணுயிர்கள் மீண்டும் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஒரு மாதம் பொறுக்குமாறு முதலில் நான் சொன்னது அதற்காகவே."

நான் தலைகுனிந்து நின்றேன். அவர் தொடர்ந்தார்: "1850ஆம் ஆண்டில் இராபர்ட்டு வாரிங்டன் என்னும் ஆங்கில வேதியியலறிஞர், தொட்டியின் அடியில் மணலும் சேறும் இட்டு, நீர்ச்செடியும் பொன்மீனும் நத்தையும் சேர்த்து வளர்த்த தம் சோதனையை அறிவியலார்க்கு எடுத்துரைத்தார். மீனுக்குச் செடி துணை. அழுகும் இலையைத் தின்னும் நத்தை செடிக்குத் துணை. ஒன்றை ஒன்று தாங்கும்போதுதான் தொட்டி நிலைபெறும். உங்கள் வீட்டில் பாலை எப்படித் தயிராக்குகிறார்கள்? பழைய மோரிலிருந்து ஒரு கரண்டி உறை ஊற்றுகிறார்கள் அல்லவா? பாத்திரத்தைக் கழுவவேண்டும் என்று உறைமோரையும் கொட்டிவிட்டால், மறுநாள் தயிர் ஏது?"

இவ்வாறு கூறி, பள்ளியின் மீன்தொட்டியிலிருந்து பழைய மணலில் இரு பிடி எடுத்து, ஈரம் உலராமல் ஒரு கிண்ணத்தில் இட்டுக் கொடுத்தார். "இது உறை" என்றார். அதனை எங்கள் மணலின்மேல் தூவினேன். செடிகள் நட்டேன். நீரை அடிக்கடி மாற்றி, உணவை அளவாக இட்டு, ஆறு வாரங்கள் பொறுத்திருந்தேன். எஞ்சிய இரண்டு அயிரைகளும் பிழைத்தன. மேலும் சில ஆண்டுகள் அந்த மணலிலேயே வாழ்ந்தன. அதன்பின் ஒருநாளும் நான் மணல் முழுவதையும் எடுத்துக் கழுவியதில்லை. வாரம் ஒருமுறை, மணலுக்குச் சற்று மேலே குழாயைப் பிடித்து, படிந்த கழிவோடு நான்கில் ஒரு பங்கு நீரை இழுத்து வெளியேற்றிவிட்டு, அவ்வளவு புதுநீர் ஊற்றினால் போதும் என்பதைக் கற்றுக்கொண்டேன்.

மாணவ நண்பர்களே! தூய்மை நல்லது. ஆனால், எதனைக் கழுவலாம், எதனைக் கழுவலாகாது என்று அறிந்து செய்வதே தூய்மை. சேற்றைப் பன்னிரண்டு முறை கழுவி நீக்கியது நன்மை செய்தது. உயிர் குடியேறிய மணலை ஒருமுறை கொதிக்க வைத்தது நான்கு உயிர்களைக் கொன்றது. இரண்டையும் செய்தவை இந்தக் கைகளே. முதலில் மீனை நினைத்துச் செய்தேன். பின்னர் என் பெருமையை நினைத்துச் செய்தேன். வேறுபாடு அவ்வளவே.

அப்பத்தா இன்று இல்லை. என் தங்கை மணமாகி வேற்றூர் சென்றுவிட்டாள். அங்கே அவளும் ஒரு தொட்டி வைக்க விரும்பினாள். பலவகை அழகிய கற்கள் கடையில் கிடைப்பதை அவள் அறிவாள். ஆயினும், மணலைத் தானே சலித்து, தானே கழுவிப் பரப்பியிருந்தாள். ஊருக்கு வந்தபோது, ஒரு சிறு கிண்ணத்தை என்முன் நீட்டினாள்.

"அண்ணா, உறைக்குக் கொஞ்சம் மணல் கொடுங்கள்" என்றாள்.

ஒரு பிடி அள்ளிக் கொடுத்தேன். கண்ணுக்கு அது வெறும் மணல், பழுப்பு நிறம், அழகில்லாதது. அதனை அவள் ஈரத்துணியால் மூடி, பொன்னைப் போலப் போற்றி எடுத்துச் சென்றாள்.